கோமாளி இல்லாத அறிவியல் கூட்டத்துக்கு மைக் போட்டு அலுத்துப் போச்சுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரன். சவுண்டு சர்வீஸ் வச்சிருக்கேன், 32 வருசமா இதே தொழில்தான், எங்கப்பா காலத்துல கூம்பு குழாயும் ரெக்கார்டு பிளேயரும், இப்ப பாக்ஸும் கார்ட்லெஸ் மைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடிப் பண்டிகை, கூத்து எல்லாத்துக்கும் போவேன். அறிவியல் தின விழாவுக்கு கூட்டமே வரலைன்னு ஒரு வாசகர் உங்க பேப்பர்ல வருத்தப்பட்டு எழுதியிருந்தார். சனங்களுக்கு அறிவியல்ல ஆர்வமே இல்ல, சீரியலும் செல்போனும் கெடுத்துருச்சுன்னு முடிச்சிருந்தார். அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு கேக்கல. ஏன்னா அந்த மாதிரி கூட்டத்துக்கெல்லாம் மைக் போட்டவன் நான், ஆம்ப்ளிபயர் முன்னாடி உக்காந்திருக்கறவனுக்கு ஒரு வசதி என்னன்னா பேசறவர் மூஞ்சியும் தெரியும், கேக்கறவங்க மூஞ்சியும் தெரியும். சனங்க மேல தப்பே இல்லைங்க.

நாலஞ்சு வருசம் முன்னாடி நடந்தது ஒண்ணு சொல்றேன். ஊர் பேர் வேண்டாம், சேலத்துக்கு வெளிய ஒரு பெரிய கிராமம், டெங்கு விழிப்புணர்வுக் கூட்டம். ப்ரொஜெக்டர், ஸ்கிரீன், 200 சேர். பேச வந்தவர் நல்ல மனுசன், விசயம் தெரிஞ்சவர், ஆனா ஸ்கிரீன்ல ஓடுனதெல்லாம் இங்கிலீஷ். கொசுவை யானை சைஸுக்குப் போட்டு அது கால்ல இருக்கற வெள்ளை வரிய குச்சியால காட்டுறாரு, ஏடிஸ் எஜிப்டின்னு அது பேரை நாலு தடவ சொல்றாரு. முக்கா மணி நேரம் ஆச்சு. கடைசில யாருக்காச்சும் சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு மைக்கை நீட்டுனாரு, ஒருத்தரும் வாயத் தொறக்கல. சரி, எல்லாருக்கும் புரிஞ்சிருச்சுன்னு சந்தோசமா நன்றியுரைக்குப் போயிட்டாங்க. புளிசாதப் பொட்டலத்தை வாங்கிட்டு கூட்டம் கலைஞ்சுது.

நான் ஒயரைச் சுத்திக்கிட்டு இருக்கேன், ஒரு பாட்டி பக்கத்துல வந்து மெதுவா கேக்குது. "ஏஞ்சாமி, அந்தக் கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும்னாரே, அப்ப சாக்கடைக் கொசு ஒண்ணும் பண்ணாதா? நான் தொட்டியில சாக்கடைத் தண்ணிய ரொப்பி வச்சுக்கட்டுமா?" எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனா வண்டி ஓட்டிட்டு வரப்ப யோசிச்சுப் பாத்தா அன்னைக்கு அந்த மைதானத்துலயே உருப்படியான கேள்வி அது ஒண்ணுதான். அதை மேடையில கேட்டிருந்தா அவரும் மளமளன்னு சொல்லியிருப்பார், சாக்கடையில வர்றது கியூலெக்ஸ் கொசு, அது ராத்திரி கடிக்கும், யானைக்கால் நோயப் பரப்பறது அது, டெங்கு கொசு கடிக்கறது பகல்லன்னு. தண்ணியக் கீழ ஊத்தினா மட்டும் பத்தாது, முட்டை தொட்டிச் சுவத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல காஞ்சு கிடந்துட்டு மறுபடி தண்ணி பட்டதும் பொரியும், அதனால தேய்ச்சுக் கழுவணும்னு. இந்தத் 'தேய்ச்சு'ங்கற ஒரு வார்த்தையத்தான் அன்னைக்குச் சொல்லியாகணும், அது எங்கயோ ஒரு ஸ்லைடு மூலையில பொடி எழுத்துல இருந்துச்சு.

பாட்டி ஏன் மேடையில கேக்கல? கேட்டா சிரிப்பாங்கன்னு பயம். அவ்வளவுதான். நமக்காகச் சிரிப்பு வாங்கிக்கறதுக்குன்னே கூத்துல ஒருத்தன் இருக்கான், அவன்தான் கோமாளி, கட்டியங்காரன்னும் சொல்லுவாங்க. ராசா வேசம் கட்டி கிரீடம் வச்சு கிறுகிறுன்னு சுத்தி வர்றவரையே "யாருய்யா நீ, எந்த ஊரு, உனக்கு ரேசன் கார்டு இருக்கா"ன்னு கேப்பான். கேக்க கேக்க ராசா பதில் சொல்லுவார், அதுலதான் நமக்குக் கதையே தெரியும். பாதி உடம்பு கதைக்குள்ள, பாதி உடம்பு சனங்களோட. நான் சொல்ல வந்தது இந்த ஒண்ணுதாங்க. நம்ம அறிவியல் கூட்டத்துல ராசா மட்டும் வர்றார், கோமாளி வர்றதில்ல.

அதே மைதானத்துல ரெண்டு மாசம் கழிச்சு பண்டிகைக்குக் கூத்து வச்சாங்க, அதுக்கும் நான்தான் மைக். ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சு விடியற வரைக்கும் பாரதம். சேரெல்லாம் கிடையாது, பாயும் சாக்கும் போட்டு உக்காந்திருக்காங்க, டெங்கு கூட்டத்துல முக்கா மணி நேரம் தாங்காத அதே சனம். நடுச்சாமத்துக்கு மேல கொஞ்சம் தூக்கம் தட்டற நேரம், அந்த ஊர்ல அப்ப ரெண்டு மூணு புள்ளைங்க காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கிடந்துச்சுங்க, அது கோமாளிக்குத் தெரியும். திடீர்னு விரலை மூக்கு மேல நீட்டிக்கிட்டு கொசுவாயிட்டார். பொம்பள வேசக்காரர் கொசுப் பொண்டாட்டி. ரெண்டு பேரும் வாடகைக்கு வீடு தேடறாங்க.

"தண்ணி வசதி இருக்குங்களா?" "சிமெண்டுத் தொட்டி இருக்கு, மூடியே கிடையாது." "அட்வான்ஸு எவ்வளவு?" "இந்த ஊர்ல கொசுவுக்கு யாரும் அட்வான்ஸ் கேக்கறதில்ல, தைரியமா போங்க." "எத்தனை நாள் இருக்கலாம்?" "ஒரு எட்டு பத்து நாள் எவனும் தொட்டியத் தொடாம இருந்தாப் போதும், புள்ளகுட்டியோட பறந்தே போயிரலாம்." சனம் விழுந்து விழுந்து சிரிக்குது, அது யார் வீட்டுத் தொட்டி, எந்தக் கடை டயருன்னு பேர் சொல்லாமலே அத்தனை பேருக்கும் தெரியும். காலையில நான் பாக்ஸ் ஏத்தறப்ப ரெண்டு வீட்டுல தொட்டி கழுவற சத்தம் கேட்டுச்சு. பொய் சொல்லல.

ஆனா அதுல ஒரு தப்பு இருந்துச்சு, அதையும் சொல்லணும். கோமாளி ஆம்பளக் கொசுவா வந்துட்டு ஆளுங்களைக் கடிக்கற மாதிரி நடிச்சுட்டார். கடிக்கறது பொம்பளக் கொசு மட்டும்தானாம், முட்டை உருவாக ரத்தம் வேணுமாம், ஆம்பளக் கொசு பூவுல இருக்கற தேனைக் குடிச்சுட்டுப் போயிருமாம். பிஎஸ்சி படிக்கற என் மகதான் சொன்னா, நான் அவருக்குப் போன் போட்டு சொன்னேன். கோவிச்சுக்குவாரோன்னு நினைச்சேன், அடுத்த ஊர்ல பாத்தா மாத்திட்டார். "நான்தான்டி மூக்கை நீட்டிக்கிட்டு வந்தேன், எனக்கு ஒரு சொட்டு குடுக்க மாட்டியா?" "முட்டை வைக்கறது நீயா நானா? போய் பூவை மோந்துக்கிட்டு திரி!" முன்னைய விட ரெண்டு மடங்கு சிரிப்பு. சரியான விசயத்தைச் சேத்ததும் காமெடி கெட்டுப் போகல, கூடத்தான் ஆச்சு. இதைப் படிக்கற டாக்டருங்களும் வாத்தியாருங்களும் கொஞ்சம் கவனிக்கணும்.

உடனே சில பேர் சொல்லுவாங்க, இதெல்லாம் அரசாங்கமே செய்யுதே, கலைக்குழு வச்சு விழிப்புணர்வு நாடகம் போடறாங்களேன்னு. போடறாங்க, நானும் மைக் போட்டிருக்கேன். என்ன பண்றாங்கன்னா, கலைஞருங்க கையில ஒரு நோட்டீஸைக் குடுத்து இதைப் பாட்டாப் பாடிருங்க, அரை மணி நேரம், பேனர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு சொல்லிடறாங்க. நோட்டீஸுக்கு மெட்டுப் போட்டா அது நாடகம் ஆகாதுங்க, மெட்டுப் போட்ட நோட்டீஸ்தான். அதுக்குக் குடுக்கற காசும் அப்படி இப்படித்தான், ஒரு தடவ எனக்கும் அந்தக் கலைஞர்களுக்கும் எட்டு மாசம் இழுத்தடிச்சு பாதிதான் வந்துச்சு, எந்த ஆபீஸ்னு சொல்லி பொல்லாப்பு கட்டிக்க விரும்பல.

இது ஒண்ணும் நான் புதுசா கண்டுபிடிச்ச யோசனையும் இல்ல. கேரளாவுல சாஸ்திர சாகித்ய பரிஷத்துங்கற அறிவியல் அமைப்பு 1980லயே கலைஜாதான்னு ஊர் ஊரா நாடகம் போட்டு அறிவியல் சொன்னாங்க. 1987ல நாடு பூரா ஜன விக்ஞான் ஜாதான்னு மக்கள் அறிவியல் பயணம் நடந்துச்சு, நம்ம தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரங்களும் அதுல இருந்தாங்க. அப்புறம் 90கள்ல எழுதப் படிக்கக் கத்துக் குடுத்த அறிவொளி இயக்கம். புதுக்கோட்டையில பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்ட கதை எல்லாருக்கும் தெரியும், நான் பாத்தது நம்ம பக்கத்து வீதி நாடகம். அப்பத்தான் தொழிலுக்கு வந்த புதுசு, மைக் செட்டு வேணுமான்னு போய்க் கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க, வட்டமா நின்னு தொண்டையிலயே பேசிக்கறோம்னாங்க. எனக்கு வாடகை போச்சேன்னு எரிச்சலாத்தான் நின்னு பாத்தேன், பாக்க ஆரம்பிச்சவன் முடியற வரைக்கும் நகரல.

எங்க தொழிலுக்கே மூலம் யாருன்னு ஒரு நாள் மக சொன்னா, மைக்கேல் பாரடேன்னு ஒருத்தர். புத்தகம் பைண்டிங் பண்ற கடையில வேலை பாத்த பையன், காலேஜ் போகாதவர், காந்தத்துக்குப் பக்கத்துல கம்பிச் சுருளை ஆட்டினா கரண்ட் வரும்னு 1831ல காட்டினவர். நாம பேசறப்ப மைக்குக்குள்ள நடக்கறது அதேதான், குரல் பட்டு ஒரு சவ்வு ஆடுது, அதோட ஒட்டியிருக்கற காயில், அதான் கம்பிச் சுருள், காந்தத்துக்குள்ள ஆடுது, கரண்ட் கிளம்புது. ஸ்பீக்கர்ல அப்படியே தலைகீழ், கரண்ட் போய் காயிலை ஆட்டுது, பேப்பர் கோன் காத்தைத் தள்ளுது. அந்த மனுசன் சத்தமா தெளிவா பேசறதுக்குன்னே தனியா ஒரு வாத்தியார்கிட்ட போய் பாடம் கேட்டாராம்! லண்டன்ல 1825ல சின்னப் புள்ளைங்களுக்குன்னு கிறிஸ்துமஸ் நேரத்துல அறிவியல் பேச்சு ஆரம்பிச்சு, அவரே 19 வருசம் பேசியிருக்கார், ரெண்டாம் உலகப் போர் சமயம் தவிர இன்னைக்கு வரைக்கும் அது நடக்குது. ஒரே ஒரு மெழுகுவர்த்திய முன்னாடி வச்சுக்கிட்டு ஆறு நாள் பேசினாராம். ஆறு நாள் கூட்டத்தை உக்கார வைக்க அவருக்கு ப்ரொஜெக்டர் எதுவும் தேவைப்படல.

அதைக் கேட்டதுல எனக்கும் கொஞ்சம் கிறுக்குப் புடிச்சுருச்சு. ஒரு கூத்துல இடைவேளை மாதிரி கிடைச்ச நேரத்துல, சின்ன ஸ்பீக்கர் ஒண்ணைக் கழட்டி மைக் ஒயர்ல மாட்டிக் கோமாளி கையில குடுத்தேன். பேசுங்கன்னேன். ஸ்பீக்கர்ல பேசினா பெரிய பாக்ஸ்ல குரல் வருது! கொஞ்சம் அமுங்கினாப்பல இருந்தாலும் நல்லாவே வந்துச்சு. சனம் ஏதோ மந்திரம்னு நினைச்சுருச்சு. கோமாளி சும்மா விடுவாரா, "அடேய், காதுல சோத்தை வச்சா வாய் வழியா வரும் போலருக்கே"ன்னுட்டார். அப்புறம் என்னைப் பாத்து, "மைக்காரரே, அப்ப வாயும் காதும் ஒண்ணா?" நான் வாழ்க்கையில மொத தடவ மைக்கைப் புடிச்சு கூட்டத்துல பேசுனேங்க, ரெண்டுக்குள்ளயும் காந்தமும் காயிலும்தான் இருக்குன்னு கிழிஞ்சு போன பழைய ஸ்பீக்கரைப் பிரிச்சுக் காட்டினேன். கை நடுங்குச்சு. ஆனா ஒரு பையன் கூட எந்திரிச்சுப் போகல.

இப்ப மலைக் கதை. இதுக்குத்தான் இவ்வளவும் எழுதறேன்.

சேர்வராயன் மலையில, ஏற்காட்டுக்கும் தள்ளி உள்ளுக்குள்ள ஒரு ஊரு. காலேஜ் பசங்க சில பேரும் ஒரு டாக்டரம்மாவும் பாம்புக்கடி பத்தி நாடகம் போடறதுக்கு என்னைக் கூப்ட்டாங்க. இருவது கொண்டை ஊசி வளைவு ஏறி, அதுக்கப்புறம் ரோடுன்னு சொல்ல முடியாத ரோட்டுல டாட்டா ஏஸ்ல பாக்ஸை ஏத்திக்கிட்டுப் போனேன். நாடகம் பத்து நிமிசம்தான். காப்பித் தோட்டத்துல வேலை செய்யறவன் தரையில படுத்துத் தூங்கறான், ராத்திரி கட்டுவிரியன் கடிச்சுருது. அது கடிச்சா வலி கூட சரியாத் தெரியாது, பல்லுத் தடமும் தெரியாது. விடியறப்ப வயித்தை வலிக்குதுங்கறான், ராத்திரி தின்ன கறி ஒத்துக்கலன்னு சுக்கு அரைச்சுக் குடுக்கறாங்க. அப்புறம் கண்ணு இமை தானா இறங்குது, பேச்சுக் குழறுது. ஒருத்தன் கயித்தை எடுத்துட்டு வந்து காலை இறுக்கிக் கட்டறான், ஒருத்தன் பிளேடால கீறலாம்கறான், ஒருத்தன் மந்திரிக்கறவர்கிட்ட ஓடறான். ஆள் செத்துப் போறான்.

அதோட முடியும்னு நான் சவுண்டைக் குறைச்சேன். அப்பத்தான் ஒரு பொண்ணு வந்து, "மறுபடி முதல்ல இருந்து போடப் போறோம், எங்க தப்புன்னு தோணுதோ அங்க கை தட்டி நிறுத்துங்க, நீங்களே வந்து அந்த ஆளுக்குப் பதிலா நடிங்க"ன்னுச்சு. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால்ங்கறவர் கொண்டு வந்த முறையாம், ஃபோரம் தியேட்டர்னு பேரு. கொஞ்ச நேரம் யாரும் அசையல. அப்புறம் ஒரு அம்மா எந்திரிச்சு வந்து கயித்தைப் புடுங்கி எறிஞ்சாங்க, இறுக்கிக் கட்டினா கால் அழுகிரும்னு எங்க ஊர்லயே பாத்திருக்கோம்னாங்க. கட்டையை வச்சு காலை ஆடாம லேசாக் கட்டணும்னு டாக்டரம்மா சேத்துச் சொன்னாங்க. அடுத்தது ஒரு பெரியவர். "108க்குப் போன் பண்ணு"ன்னு பையன் வசனம் பேசறப்ப கை தட்டி நிறுத்துனார். மேடைக்கு வந்தார், செல்போனைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு நடந்தார், மறுபடி நடந்தார், ஒரு வார்த்தை பேசல. டவர் இல்ல. ஊரே சிரிச்சுது. அப்புறம் சிரிக்காம கேட்டார், "மேல ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போக நாலு ஆளு வேணும், அங்க இருந்து வண்டிக்கு காசு வேணும், மந்திரிக்கறவன் அஞ்சு நிமிசத்துல ஓடியாந்துருவான், காசு கேக்க மாட்டான், நான் யாரைக் கூப்பிடட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா முகத்தை நான் பாத்தேன். இத்தனை வருசமா மூடநம்பிக்கை, மூடநம்பிக்கைன்னு பேசிட்டு இருந்தது பாதி வண்டிப் பிரச்சினைன்னு அவங்களுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. நோட்டை எடுத்து எழுதிக்கிட்டாங்க. இதுல கூத்து என்னன்னா அந்த மந்திரிக்கறவரே கூட்டத்துல உக்காந்திருந்தார். அவரையே மேடைக்கு இழுத்து விட்டுட்டாங்க. அவர் கொஞ்ச நேரம் தயங்கிட்டு, "சரி, நான் மந்திரிச்சுக்கிட்டே கூட வர்றேன், நீங்க நிக்காம ஆளைத் தூக்குங்க"ன்னு நடிச்சார். அதை விட நல்ல முடிவு எந்த நாடகக்காரனும் எழுத முடியாதுங்க.

விசமுறிவு மருந்து பத்தி டாக்டரம்மா சொன்னாங்க, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து, அந்த நாலு பாம்பு விசத்தையும் குதிரைக்கு ஏத்தி அதோட ரத்தத்துல இருந்து எடுக்கறது, விசத்தை எடுத்துக் குடுக்கறது நம்ம மெட்ராஸ் பக்கத்துல வடநெம்மேலியில இருக்கற இருளர் கூட்டுறவு சங்கம், 1978ல ஆரம்பிச்சதுன்னு. உடனே முன்னாடி உக்காந்திருந்த பொடியன், "அப்ப குதிரை சாகாதா?" ஆம்ப்ளிபயர்கிட்ட உக்காந்திருந்த நான் எந்திரிச்சு கை தட்டினேன், கோமாளி வந்துட்டான்டான்னு. கொஞ்சூண்டு விசத்துல ஆரம்பிச்சு மெதுவா மெதுவா கூட்டுவாங்க, குதிரை உடம்பு எதிர்க்கறதுக்கான சரக்கைத் தானே தயார் பண்ணிக்கும், அதைத்தான் நமக்கு ஏத்தறோம்னு அவங்க சொன்னது இன்னைக்கும் எனக்கு மறக்கல.

சில பேர் வேற பயம் சொல்றாங்க, கூத்துன்னா புராணம், அதுல அறிவியலைக் கலந்தா புராணத்துலயே எல்லாம் இருந்துச்சுன்னு ஆரம்பிச்சுருவாங்கன்னு. அந்தப் பயம் நியாயந்தான், அந்த மாதிரி பேசறவங்களுக்கும் நான் மைக் போட்டிருக்கேன். ஆனா பாரதத்துல கண்ணன் சக்கரத்தால சூரியனை மறைக்கற இடம் வர்றப்ப, "சாமி, போன தடவ கிரகணத்துக்கு சூரியனை மறைச்சது உங்க சக்கரமா, நிலாவா?"ன்னு கோமாளி கேட்டுட்டு ஒரு வாத்தியாரை மேடைக்கு கூப்ட்டு நிலா குறுக்க வர்றதைப் பந்தும் லைட்டும் வச்சுக் காட்டச் சொன்னா யாருக்கும் கோவம் வராதுங்க, கதை கதையா இருக்கட்டும், கிரகணம் கிரகணமா இருக்கட்டும்.

அறிவியல் தினம், பிப்ரவரி 28, மறுபடி வரும். சர் சி.வி. ராமன் 1928ல அவர் கண்டுபிடிப்பை அறிவிச்ச நாள், அன்னைக்கு எல்லா இடத்துலயும் அவர் படத்துக்கு மாலை போட்டு ஒளிச்சிதறல்னு ஒரு மணி நேரம் பேசுவாங்க. அதே ராமன் மிருதங்கத்தையும் ஆராய்ச்சி பண்ணி 1920ல நேச்சர் பத்திரிகையில எழுதியிருக்கார்னு எத்தனை பேர் சொல்றாங்க? சும்மா இழுத்துக் கட்டின தோலைத் தட்டினா சுருதி சேராத சத்தம்தான் வரும், மிருதங்கத்தோட வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், நடுவுல கருப்பா சோறுன்னு சொல்ற பசை அப்பியிருக்கே, அந்த எடைதான் சத்தத்தைச் சுருதிக்குக் கொண்டு வருதுன்னு காட்டினவர் அவர். கூத்துல மிருதங்கக்காரர் இருக்கார், பறையும் பம்பையும் அடிக்கறவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க, பக்கத்துல பக்கத்துல வச்சுத் தட்டிக் காட்டினா சேலத்துல எந்தப் பாட்டிக்கும் புரியும்.

அதனால விழா நடத்தறவங்ககிட்ட உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறது, கலைஞர்களை விழா அன்னைக்குக் காலையில கூப்பிடாதீங்க, பத்து நாள் முன்னாடி கூப்பிடுங்க, பேசப் போற டாக்டரோ வாத்தியாரோ அவங்களோட உக்காந்து ஒத்திகை பாக்கட்டும், தப்பு இருந்தா அங்கயே திருத்தட்டும், ஒத்திகை நாளுக்கும் சேத்து சம்பளம் குடுங்க, விழா முடிஞ்ச ராத்திரியே குடுங்க. அப்புறம் மேடையில பேச்சாளருக்குப் பக்கத்துல கோமாளிக்கு ஒரு சேர் போடுங்க, நடுவுல புகுந்து கேள்வி கேக்க அவருக்கு உரிமை குடுங்க. அவருக்கு ஒரு மைக் தனியா வேணும், அந்த மைக்குக்கு நான் வாடகை வாங்கல.

இப்படிக்கு,
சவுண்டு சர்வீஸ்காரன்,
அம்மாப்பேட்டை, சேலம்.